குப்ரிக்கும் தர்க்கோவ்ஸ்கியும்: விண்வெளிக் கதைகூறலும் சுவைஞர் வாதமும்

ஒரே துறையில் உழைத்த கலைஞர் இருவரை அருகருகே நிறுத்தி, இவருள் மேலானவர் யாவர் என வினவுதல் கலைச் சுவைஞரிடையே நெடுங்காலமாக நிலவிவரும் வழக்கமாகும். இவ்வழக்கம் பெரும்பாலும் பட்டிமன்றத் தீர்ப்போடு முடிந்துவிடுவது. அதனாலேயே ஆய்வாளர் அதனைப் பொருட்படுத்துவதில்லை. ஆயினும், சுவைஞர் வாதங்களுக்கும் ஒரு வரலாறு உண்டு. அவர்கள் எதனைக் கண்டனர், எதனைக் காணாது வாதிட்டனர், யார் அவர்களுக்கு அதனைக் காட்டினர் என்பவை வரலாற்று வினாக்களே. விஞ்ஞானப் புனைகதைத் திரைப்படத்துறையில் இவ்வாறு இணைத்துப் பேசப்பட்டோருள் முதன்மையானவர்கள் அமெரிக்கரான ஸ்ரான்லி குப்ரிக்கும் (1928–1999) உருசியரான அந்திரேய் தர்க்கோவ்ஸ்கியும் (1932–1986) ஆவர். முன்னவரின் '2001: விண்வெளி ஒடிசி' 1968இலும், பின்னவரின் 'சொலாரிஸ்' 1972இலும் வெளிவந்தன. குப்ரிக்கின் படம் அறிவுக்கு விருந்து, ஆனால் குளிர்ந்தது என்பர் ஒரு சாரார். தர்க்கோவ்ஸ்கியின் படம் நெஞ்சைத் தொடுவது, ஆனால் விண்வெளியை மறந்தது என்பர் மற்றொரு சாரார். அரை நூற்றாண்டு கடந்தும் ஓயாத இவ்வாதத்தின் தோற்றுவாயை நோக்குமிடத்து வியப்பான உண்மையொன்று புலனாகும். வாதம் சூடேறிய காலத்தில் வாதிட்டோருட் பலர் தாம் ஒப்பிட்டவற்றை முழுமையாகக் கண்டவர்களோ படித்தவர்களோ அல்லர்.

இங்குச் சுவைஞர் எனப்படுவோர் வெறும் படம் பார்ப்போர் அல்லர் என்பதை முதலில் மனங்கொள்ள வேண்டும். விஞ்ஞானப் புனைகதைக்கு ஏனைய இலக்கிய வகைகளுக்கு அமையாத ஒரு வாசகர் கூட்டம் அமெரிக்காவில் 1930களிலேயே உருவாகிவிட்டது. இவர்கள் தமக்குள் கடிதம் எழுதினர். ரோனியோ முறையிற் சிற்றிதழ்களை அச்சிட்டுப் பரிமாறினர். 1939இல் நியூயோர்க்கிலே தமது முதலாவது உலக மாநாட்டையும் கூட்டினர். 1953இலிருந்து அம்மாநாட்டின் அங்கத்தவர்களே வாக்களித்து வழங்கிவரும் ஹியூகோ விருது, துறைசார் நடுவர் குழுவின் தீர்ப்பன்று; சுவைஞரின் தீர்ப்பு. சோவியத் ஒன்றியத்திலும் 1960களுக்குப் பின்னர் புனைகதை விரும்பிகளின் கழகங்கள் நகரங்கள் தோறும் தோன்றின. இவ்விரு கூட்டத்தாரும் கதையை முதலில் நூல்வழி அறிந்து, பின்னரே திரையிற் காண வந்தவர்கள். ஆகவே, நெறியாளரை மதிப்பிட அவர்கள் கையிற் கொண்ட அளவுகோல் நூலாசிரியனே. குப்ரிக்கின் பக்கத்தில் ஆர்தர் சி. கிளார்க் நின்றார், தர்க்கோவ்ஸ்கியின் பக்கத்தில் ஸ்தானிஸ்லாவ் லெம் நின்றார். நெறியாளர் இருவரும் தத்தம் நூலாசிரியரோடு கொண்ட உறவே இவ்வொப்பீட்டின் உயிர்நிலை எனலாம்.

கிளார்க் 1956ஆம் ஆண்டு தொட்டு இலங்கையில் வாழ்ந்தவர். 1979 முதல் 2002 வரை மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் வேந்தராக விளங்கி, 2008இல் கொழும்பிலே காலமானவர். விண்வெளி பற்றிய தரமான படமொன்றை ஆக்க விரும்பிய குப்ரிக்கின் அழைப்பு 1964இல் அவரை எட்டியபோதும் அவர் இங்கேயே இருந்தார். அவ்வாண்டு ஏப்ரிலில் இருவரும் நியூயோர்க்கிற் சந்தித்தனர். கிளார்க் 1948இல் எழுதி 1951இல் அச்சேறிய 'காவலாளி' என்ற சிறுகதை அவர்களுக்கு வித்தாயிற்று. முதலில் நாவலை எழுதி, அதிலிருந்து திரைக்கதையை ஆக்குவதென்பது திட்டம். நடைமுறையில் நாவலும் படமும் சமாந்தரமாக வளர்ந்தன. 1965 டிசம்பரில் இங்கிலாந்திற் படப்பிடிப்புத் தொடங்கிற்று. நாவலிலே சனிக் கோளை நோக்கிச் செல்லும் விண்கலம் திரையிலே வியாழனை நோக்கிச் செல்வது, சனியின் வளையங்களை நம்பத்தக்க முறையிற் படைத்துக்காட்ட அக்காலத் தொழினுட்பத்தால் இயலாமற் போனமையினாலேயாம்.

இதனினும் பெரிய வேறுபாடு கதைகூறலில் நேர்ந்தது. கிளார்க் விளக்கும் எழுத்தாளர். குரங்குமனிதர் முன்தோன்றிய கரும்பலகை அவர்களுக்கு எவ்வாறு கற்பித்தது, எச்.ஏ.எல். 9000 என்னும் கணனி ஏன் நெறிபிறழ்ந்தது, இறுதியில் விண்வெளி வீரன் போமன் நுழையும் மாளிகையறை எங்கிருந்து வந்தது ஆகிய அனைத்துக்கும் நாவலில் விடையுண்டு. குப்ரிக்கும் தொடக்கத்தில் விளக்க விரும்பியவரே. பின்னணி உரை எழுதப்பட்டது. படத்தின் முகப்பில் வைப்பதற்கென விஞ்ஞானிகள் பலரின் செவ்விகள் படமாக்கப்பட்டன. சோவியத் உயிரியலறிஞர் ஒபாரினும் அவர்களுள் ஒருவர். அலெக்ஸ் நோர்த் என்பார் இசையும் அமைத்திருந்தார். இவையாவும் ஒன்றன்பின் ஒன்றாக விலக்கப்பட்டன. எஞ்சிய படத்தில் முதல் இருபத்தைந்து நிமிடமளவுக்கு மனிதக் குரலே இல்லை. 2 மணி 19 நிமிடப் படத்தில் உரையாடல் நிகழ்வது 40 நிமிடத்துக்குச் சற்றுக் குறைவாகவே என்பதை நெறியாளரே பெருமையோடு குறிப்பிட்டார். 1968 ஏப்ரில் 2ஆம் நாள் வாஷிங்டனில் நிகழ்ந்த முதற் காட்சியின் பின்னரும் அவர் ஓயவில்லை; மேலும் 19 நிமிடமளவு தம் கையாலேயே வெட்டி அகற்றினார். விளக்கத்தைச் சேர்த்துச் சேர்த்து எழுதிய ஒருவரும், அதனைக் களைந்து களைந்து சென்ற ஒருவரும் ஒரே கதையை ஆக்கினர் என்பது விந்தையே.

படத்தை வரவேற்றோர் எவர், வெறுத்தோர் எவர் என்பது எதிர்பார்த்தவாறு அமையவில்லை. நியூயோர்க்கின் முன்னணித் திறனாய்வாளர் சிலர் அது சலிப்பூட்டுவதென எழுதினர். போலின் கேல் அதன்மீது காட்டிய கடுமை பிற்காலத்திலும் பேசப்படுவது. விஞ்ஞானப் புனைகதைக்குள்ளேயே வாழ்ந்த மூத்த எழுத்தாளரும் ஒருமுகமாக இல்லை. 'கலக்ஸி' இதழில் லெஸ்ரர் டெல் ரே படத்தைச் சாடினார். கதை இருக்கவேண்டிய இடத்திற் புதிர் இருக்கிறது என்பதே அவரையொத்த பழைய தலைமுறையினரின் முறைப்பாடு. அதே துறையின் இளைய எழுத்தாளரான சாமுவேல் டிலேனியோ படத்தை வியந்து எழுதினார். இதற்கிடையில் மாணவரும் இளைஞரும் மீண்டும் மீண்டும் படமாளிகைக்குச் சென்றனர். விளம்பரமே அவர்களை நோக்கித் திருப்பப்பட்டது. 1969இல் ஹியூகோ விருது '2001'க்குக் கிடைத்ததாயினும், அவ்வாக்களிப்பு ஒருமித்த கருத்தின் அறிகுறியெனக் கொள்வது தவறு.

குப்ரிக்குக்கு வந்த கடிதங்கள் 1970இல் ஜெரோம் ஏகல் தொகுத்த நூலில் இடம்பெற்றுள்ளன. பணத்தைத் திருப்பித் தரும்படி கேட்டவரும் உளர். வாழ்வே மாறிற்று என்றவரும் உளர். அவற்றிடையே பதினைந்து வயதுப் பள்ளி மாணவி ஒருத்தி எழுதிய குறிப்புகள் தனித்து நிற்கின்றன. கரும்பலகையின் பொருள் யாதாகலாம், இறுதிக் குழந்தை எதனைக் குறிக்கலாம் எனப் பல சாத்தியங்களை அடுக்கி, ஒன்றையும் முடிவென்று சாதியாது எழுதியிருந்தாள் அவள். தாம் வாசித்த விளக்கங்களுள் இதுவே மிக நுண்ணறிவு வாய்ந்தது எனக் குப்ரிக் கருதினார். மோனாலிசாவின் புன்னகைக்குக் காரணத்தை ஓவியத்தின் அடியில் லியனார்டோ எழுதிவைத்திருந்தால் அவ்வோவியத்தின் கதி என்னாகியிருக்கும் என வினவிய நெறியாளருக்கு, கிளார்க்கின் நாவலைக் காட்டிலும் இச்சிறுமியின் குறிப்புகளே உவப்பாயிருந்தன போலும்.

சோவியத் ஒன்றியத்தை அப்படம் எட்டிய வகை வேறு. விண்வெளியில் முதன்முதல் நடந்த மனிதரான அலெக்சி லெயோனொவ், 1968இல் வியன்னாவில் நடந்த ஐக்கிய நாடுகள் விண்வெளி மாநாட்டின்போது படத்தைக் கண்டு, தாம் இரண்டாம் முறை விண்வெளிக்குச் சென்றுவந்ததாக உணர்ந்தமையைக் கிளார்க்கிடம் தெரிவித்தார். 1969ஆம் ஆண்டு மொஸ்கோ திரைப்பட விழாவிலும் படம் காட்டப்பட்டது. ஆனால் விழா வேறு, பொதுமக்கள் படமாளிகை வேறு. சாதாரண சோவியத் சுவைஞருக்குக் கிட்டியது 1970இல் உருசிய மொழியில் வெளிவந்த நாவலே. அந்நாவலும் முழுமையாக வரவில்லை. போமன் புது உயிராக மாறும் இறுதி அத்தியாயங்கள் பதிப்பிலிருந்து நீக்கப்பட்டிருந்தன. சோவியத் விஞ்ஞானப் புனைகதையின் மூத்தவரான இவான் யெபிரேமொவின் உரையொன்று நூலுடன் இணைக்கப்பட்டிருந்தது. விளக்குவதற்கென்றே எழுதப்பட்ட நாவல், விளக்கம் தொடங்கும் இடத்தில் நிறுத்தப்பட்டது. படத்தைக் காணாமல், நூலின் முடிவையும் அறியாமல், குப்ரிக்கின் கதைகூறல் பற்றிக் கருத்துரைத்த வாசகர் அந்நாட்டில் எத்துணைப் பேராயினும் அவர்மீது குற்றமில்லை.

தர்க்கோவ்ஸ்கி அவ்வாறானவர் அல்லர். படத்தைப் பற்றி அவர் கொண்டிருந்த கருத்து தெளிவானது. 'சொலாரிஸ்' படத்துக்கான ஆயத்தங்கள் நடைபெற்ற 1970ஆம் ஆண்டளவில் அளித்த செவ்வியொன்றில், '2001' பல இடங்களில் போலியானது, உயிரற்ற வரைசட்டம் போன்றது என்னும் பொருள்பட உரைத்தார். டிராம் வண்டியையே கண்டிராத ஒருவன் பயணிகள் அதில் ஏறுவதைப் படமாக்கினால் எவ்வாறு ஒவ்வோர் அசைவையும் வியந்து காட்டுவானோ, அவ்வாறே குப்ரிக் விண்கலத்தைக் காட்டியுள்ளார் என்பது அவர் தந்த உவமை. எதிர்காலத்தில் வாழ்வோருக்கு விண்கலம் அன்றாடப் பொருளாகவே இருக்கும். ஆகவே அதனைச் சாதாரணத் தரிப்பிடம் போலக் காட்டுவதே உண்மையான கதைகூறல் என்றார். உவமை அழகானது. எனினும் அது முற்றும் நீதியானதன்று. குப்ரிக்கின் பயணிகள் விண்கலத்தில் உறங்குகின்றனர். நிறையின்மைக் கழிப்பறையின் நீண்ட அறிவுறுத்தலை நின்று வாசிக்கின்றனர். பிறந்தநாள் வாழ்த்தைச் சலிப்போடு கேட்கின்றனர். வியப்பது கமராவே அன்றி அம்மனிதரல்லர். வியப்பிழந்த மனிதரைச் சுற்றி வியப்பு மிகுந்த உலகை நிறுத்தியமை குப்ரிக்கின் கதைகூறலிற் பொதிந்திருந்த எள்ளல். தர்க்கோவ்ஸ்கி அதனைக் காணவில்லை அல்லது காண விரும்பவில்லை.

லெம் (1921–2006) போலந்து நாட்டு எழுத்தாளர். அவரது 'சொலாரிஸ்' 1961இல் வெளிவந்தது. ஒரு கோளை முழுவதும் மூடிய சமுத்திரம், அது உயிருள்ளது, அதனை ஆராயச் சென்ற விஞ்ஞானிகளின் மனச்சாட்சியிற் புதைந்த உருவங்களை அது உயிரோடு படைத்து அவர்களிடம் அனுப்புகிறது. உளவியலாளன் கெல்வினிடம், அவன் காரணமாகத் தற்கொலை செய்து இறந்துபோன மனைவி ஹாரி வந்து சேருகிறாள். மனிதன் தன்னைத் தவிர வேறெதனையும் அறியவல்லவனா என்ற வினாவே லெம்முக்கு முக்கியம். சமுத்திரத்தின் வடிவங்களையும், அதனை விளங்கிக்கொள்ள முயன்று தோற்ற பல தலைமுறை ஆய்வாளரின் நூல்களையும் அவர் பக்கம் பக்கமாக விபரிப்பது அதற்காகவே. தர்க்கோவ்ஸ்கியும் பிரெட்ரிக் கொரென்ஸ்தைனும் எழுதிய முதற் திரைக்கதையிலோ பெரும்பகுதி பூமியிலேயே நிகழ்ந்தது. லெம் மறுத்தார், கலையகமும் விரும்பவில்லை. மொஸ்கோவுக்குச் சென்று மூன்று வாரமளவு வாதிட்ட லெம், ஈற்றில் நெறியாளரை முட்டாளெனத் திட்டிவிட்டு நாடு திரும்பினார். தர்க்கோவ்ஸ்கி எடுத்தது 'சொலாரிஸ்' அன்று, தஸ்தயேவ்ஸ்கியின் 'குற்றமும் தண்டனையும்' என்பது அவரது பிற்காலக் கேலி. 2002இல் ஸ்ரீவன் சொடர்பேர்க் அதே நாவலை அமெரிக்காவிற் படமாக்கியபோதும் லெம் மகிழவில்லை. தாம் எழுதியது விண்வெளியில் நிகழும் காதற் கதையன்று என்றே முறையிட்டார். இரு நெறியாளரும் இரு வேறு நாட்டில், முப்பது ஆண்டு இடைவெளியில், ஒரே பொருளையே நாவலிலிருந்து கைவிட்டனர்: சமுத்திரத்தை.

எனினும் தர்க்கோவ்ஸ்கி சமுத்திரத்தைக் கைவிட்ட முறை ஆழ்ந்து நோக்கற்பாலது. படம் நீர்த்தாவரங்கள் அசையும் குளத்திலே தொடங்குகிறது. கெல்வின் பிறந்த வீடு, தந்தை, குதிரை, திடீரெனப் பெய்து ஓயும் மழை என நாற்பது நிமிடமளவு பூமியிலேயே கழிகிறது. விண்வெளிப் பயணமோ ஒரு முகமும் சில ஒளிப்புள்ளிகளுமாக ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடுகிறது. குப்ரிக் இதற்கு நேர்மாறாக, எலும்பொன்று வானில் எறியப்படும் காட்சியையும் பூமியைச் சுற்றிவரும் செய்மதியையும் ஒரே வெட்டினால் இணைத்து, மனித வரலாறு முழுவதையும் தாண்டிச் சென்று, பயணத்தையே படமாக்கினார். ஒருவர் பூமியை விட்டுவிட்டார். மற்றவர் வானை விட்டுவிட்டார். சுவைஞர் இதனை எதிர்முரணாகக் கண்டனர். ஆயினும் கதைகூறல் என்ற நோக்கில் இரண்டும் ஒரே உத்தியே. கேட்போன் எதனை எதிர்பார்த்து வந்தானோ அதனையே கொடாது நிறுத்திவைத்து, அவ்வெற்றிடத்தில் அவனை நினைக்கச் செய்தல் அது.

'குளிர்ந்த' குப்ரிக், 'கனிந்த' தர்க்கோவ்ஸ்கி என்ற பாகுபாட்டையும் படங்களே மறுக்கின்றன. '2001'இல் உறைதுயிலில் ஆழ்ந்த விண்வெளி வீரர் மூவர் இறப்பது கருவித் திரையின் கோடுகளாலும் எழுத்துகளாலும் மட்டுமே அறிவிக்கப்படுகிறது. ஒரு முனகலும் இல்லை. ஆனால் அதே படத்திற் கணனியின் நினைவுக் கூறுகளைப் போமன் ஒவ்வொன்றாகக் கழற்றும்போது, அது அச்சத்தை வெளியிட்டு, கெஞ்சி, குழந்தைப் பாடலொன்றைப் பாடி ஓய்வது உலகத் திரைப்படத்தின் துயர்மிகு மரணங்களுள் ஒன்று. 'சொலாரிஸ்'இல் ஹாரி திரவ ஒட்சிசனை அருந்தி உறைந்து கிடந்து, மீண்டும் உயிர் பெறுகையில் அவளது உடல் துடிக்கும் துடிப்பு கனிவானதன்று, காணச் சகியாதது. மனிதரல்லாத இரண்டு படைப்புகள்; இரண்டுமே தம்மைப் படைத்தோரைக் காட்டிலும் மனிதத்தன்மை வாய்ந்தனவாகக் காட்டப்படுகின்றன. ஹாரியாக நடித்த நத்தாலியா பொந்தார்ச்சுக்கின் முகத்தையும் கணனிக்குக் குரல் கொடுத்த டக்ளஸ் ரெயினின் அமைதியையும் ஒருங்கே நினைவுகூரும் சுவைஞர், நெறியாளர் இருவரையும் எதிரெதிர்க் கரையில் நிறுத்துவது கடினம்.

தர்க்கோவ்ஸ்கியின் மறைப்புக்கு வேறொரு வகை மறைப்பும் குறுக்கே வந்தது. 1972 ஜனவரியில் அதிகாரிகள் அவரிடம் கையளித்த திருத்தங்கள் முப்பதுக்கும் மேற்பட்டவை. அவற்றை அவர் தமது நாட்குறிப்பில் பதிந்துள்ளார். எதிர்காலப் பூமியைத் தெளிவாகக் காட்டவேண்டும். கடவுள் என்ற எண்ணத்தை நீக்கவேண்டும். கெல்வின் எவ்வகைச் சமுதாயத்திலிருந்து புறப்படுகிறான், அது சோசலிசமா, கம்யூனிசமா, முதலாளித்துவமா என்பதைக் கூறவேண்டும். விளக்கம் கேட்பதில் மொஸ்கோ அதிகாரிகளும், 'கலக்ஸி'யின் திறனாய்வாளரும் ஒரே குரலிற் பேசினர் என்பது சிரிப்புக்கிடமானது. தர்க்கோவ்ஸ்கி மிகச்சில மாற்றங்களையே செய்தார்; படம் பெரிதும் காப்பாற்றப்பட்டது. எதிர்கால நகரத்துக்கென அவர் 1971இல் டோக்கியோ சென்று படமாக்கிய நெடுஞ்சாலைக் காட்சி ஐந்து நிமிடமளவு நீள்வது. ஒசாக்காவில் நடந்த 1970ஆம் ஆண்டு உலகக் கண்காட்சியைப் படமாக்கவே முதலில் எண்ணியிருந்தார். பயண அனுமதி தாமதித்தமையாற் கண்காட்சி முடிந்துவிட்டது. எஞ்சியது யப்பானிய வாகனங்கள் விரையும் சுரங்கவழிகளே. எதிர்காலத்தின் வறிய படிமமென இக்காட்சியைக் கேலிசெய்த சுவைஞர் பலர். அக்கேலி ஓரளவு பொருத்தமானதே.

பூமிக் காட்சிகள் மிக நீண்டன என்ற குறைபாட்டுக்கு விடையளித்தவர் ஒரு சுவைஞர்தான். ஆனால் சாதாரணச் சுவைஞர் அல்லர். யப்பானிய நெறியாளர் அகிரா குரோசாவா 1971இல் மொஸ்கோவில் விண்வெளி நிலையத்தின் அரங்க அமைப்பை நேரிற் கண்டார். பின்னர் தர்க்கோவ்ஸ்கியோடு படத்தையும் பார்த்தார். 1977இல் எழுதிய கட்டுரையில், தொடக்கத்திற் காட்டப்படும் பூமியின் இயற்கை விண்கலத்தினுள் இருக்கும் பார்வையாளனைத் தாய்நாட்டு ஏக்கம் போல வாட்டுகிறது என்றும், அந்நீண்ட தொடக்கம் இல்லையேல் அவ்வேக்கம் பிறவாது என்றும் விளக்கினார். அன்றிரவு இருவரும் வொட்கா அருந்தி, 'ஏழு சாமுராய்' படத்தின் இசையைச் சேர்ந்து பாடினர் என்பதையும் அவர் மறக்காது பதிந்துள்ளார்.

1972இல் கான் திரைப்பட விழாவில் 'சொலாரிஸ்' நடுவர் குழுவின் சிறப்புப் பெரும்பரிசைப் பெற்றது. மேற்கு நாட்டு விநியோகத்தர் அதற்குச் சூட்டிய அடைமொழி '2001க்குச் சோவியத்தின் பதில்' என்பதாகும். கெடுபிடிப் போர்க் காலத்தில் இவ்வடைமொழி எளிதில் விலைபோயிற்று. விண்கல ஓட்டத்திலே போட்டியிட்ட இரு வல்லரசுகள் விண்வெளிப் படத்திலும் போட்டியிடுவதாகக் காட்டிவிட்டால் விளம்பரத்துக்கு வேறென்ன வேண்டும்? சுவைஞர் வாதத்தின் முதல் வினாவையே வணிகர் அமைத்துக் கொடுத்துவிட்டனர். அதே வணிகர் 1976இல் ஐக்கிய அமெரிக்காவிற் படத்தைத் திரையிட்டபோது, 167 நிமிடப் படத்திலிருந்து அரைமணி நேரத்துக்கும் மேலாக வெட்டி எறிந்தனர். குரோசாவா போற்றிய நீளமும் மெதுவான நடையும் ஒரு படத்தின் பொருளாக இருக்குமிடத்து, அதிலிருந்து அரைமணி நேரத்தை அகற்றுதல் சுருக்குவதாகாது.

நூல்வழி அறிய விரும்பிய ஆங்கில வாசகருக்கும் நற்பேறு வாய்க்கவில்லை. 1970இல் வெளிவந்த ஆங்கில 'சொலாரிஸ்', போலந்து மொழியிலிருந்தன்று, பிரெஞ்சு மொழிபெயர்ப்பிலிருந்து பெயர்க்கப்பட்டது. ஹாரி என்ற பெயரே அதில் ரேயா என மாறியிருந்தது. ஆங்கிலம் வாசிக்கவல்ல லெம் அம்மொழிபெயர்ப்பில் என்றும் திருப்தியடையவில்லை. போலந்து மூலத்திலிருந்து நேரடியான ஆங்கில மொழிபெயர்ப்பு 2011இலேயே வெளிவந்தது, அவர் இறந்து ஐந்தாண்டுகளின் பின்னர். ஆகவே 1970களின் அமெரிக்கச் சுவைஞர் ஒருவர் இவ்விரு நெறியாளரையும் ஒப்பிட்டபோது, ஒரு பக்கத்தில் நெறியாளரே வெட்டிச் செப்பனிட்ட படமும் அதன் ஆசிரியரே ஆங்கிலத்தில் எழுதிய நாவலும் இருந்தன. மறுபக்கத்தில் விநியோகத்தர் வெட்டிய படமும் இரு மொழி தாண்டிவந்த நாவலும் இருந்தன. மொஸ்கோச் சுவைஞரிடம் இருந்ததோ முழுமையான 'சொலாரிஸ்'உம் முடிவற்ற '2001' நாவலும். 'சொலாரிஸ்' தெளிவற்றது எனத் தீர்ப்பளித்த அமெரிக்கரும், '2001' மனிதனுக்கு வழிகாட்டாது நிற்கிறது எனக் கண்ட உருசியரும் தாம் கண்டவற்றுக்கு நேர்மையாகவே தீர்ப்பளித்தனர். கலைஞன் வேண்டுமென்றே விட்ட மௌனம் எது, பிறர் கத்தரிக்கோல் ஏற்படுத்திய மௌனம் எது எனப் பிரித்தறியும் வாய்ப்பு இருசாராருக்கும் மறுக்கப்பட்டிருந்தது.

தர்க்கோவ்ஸ்கி தமது படத்தைப் பின்னாளில் அவ்வளவாக விரும்பவில்லை. விண்கலங்களும் ஆய்வுநிலையமும் கருப்பொருளிலிருந்து கவனத்தைத் திருப்பிவிட்டன என அவர் எழுதினார். அத்தகைய பொருள்களை ஏறத்தாழ முற்றாகத் துறந்து அவர் ஆக்கிய விஞ்ஞானப் புனைகதை, 1979இல் வெளிவந்த 'ஸ்தால்க்கர்' ஆகும். சுவைஞரைப் பொறுத்தமட்டில் அவர் குப்ரிக்கைப் போலவே கடிதங்களாற் சூழப்பட்டவர். திரைப்படக் கலை பற்றிய அவரது நூல் தொடங்குவதே, 1975இல் வெளிவந்த 'கண்ணாடி' படம் குறித்துப் பார்வையாளர் எழுதிய கடிதங்களோடுதான். இறுதிவரை அமர்ந்திருந்து பார்த்த பொறியியலாளரின் சீற்றமும், அது தமது குழந்தைப் பருவமே என எழுதிய பெண்ணின் நன்றியும் அங்கு அருகருகே உள்ளன. அதிகாரிகள் கேட்ட விளக்கத்தைக் கொடுக்க மறுத்தவர், இக்கடிதங்களைப் பல ஆண்டுகள் பேணி வைத்திருந்தார்.

குப்ரிக் மறைத்தவற்றைக் கிளார்க் விடவில்லை. 1982இல் அவர் எழுதிய தொடர்ச்சி நாவலான '2010', கணனி நெறிபிறழ்ந்த காரணத்தை வெளிப்படையாக்கியது: உண்மையைக் கூறவே படைக்கப்பட்ட அதற்கு, பயணத்தின் நோக்கத்தை வீரரிடமிருந்து மறைக்குமாறு கட்டளை இடப்பட்டிருந்தது. 1984இல் பீற்றர் ஹயம்ஸ் அதனைப் படமாக்கினார். கொழும்பிலிருந்த கிளார்க்கும் லொஸ் ஏஞ்சலிசிலிருந்த ஹயம்சும் கணனிகளைத் தொலைபேசி வழியே இணைத்துக் கடிதம் பரிமாறியமை அக்காலத்திற் புதுமை. படம் தெளிவானது, எல்லாவற்றையும் சொல்லியது. பத்து ஆண்டுகள் கழிந்து சுவைஞர் அதனைப் பற்றி வாதிடவில்லை. '2001' பற்றியே வாதிட்டனர். 2022இல் பிரித்தானியத் திரைப்பட இதழொன்று நெறியாளரிடையே நடத்திய வாக்கெடுப்பில் முதலிடம் பெற்றதும் '2001'தான்.

ஆயினும் '2010' நாவலுக்குச் சோவியத் நாட்டில் நேர்ந்தது தனியே குறிப்பிடத்தக்கது. அமெரிக்கரும் உருசியரும் 'லெயோனொவ்' என்னும் சோவியத் விண்கலத்திற் சேர்ந்து பயணம் செய்யும் அந்நாவலை, கிளார்க் விண்வெளி வீரர் லெயோனொவுக்கும், அப்போது கோர்க்கி நகரிற் சிறைக்காவல் போன்ற நிலையில் வைக்கப்பட்டிருந்த அறிவியலாளர் சகாரொவுக்கும் காணிக்கையாக்கியிருந்தார். 1984இல் மொஸ்கோவின் 'இளைஞர் தொழினுட்பம்' என்ற இதழ் அதனைத் தொடராக வெளியிடத் தொடங்கிற்று. இரண்டு இதழ்கள் வந்தன. அதன்பின்னரே, கலத்திலிருந்த உருசியப் பாத்திரங்களின் பெயர்கள் அக்காலத்துச் சோவியத் எதிர்ப்பாளரின் பெயர்கள் என்பதை யாரோ கவனித்தனர். தொடர் நிறுத்தப்பட்டது, இதழின் ஆசிரியர் பதவியிழந்தார். புனைகதை விரும்பிகளின் கழகங்களும் அவ்வாண்டில் அதிகாரிகளின் ஐயத்துக்கு உள்ளாயின. '2001' நாவலின் முடிவை 1970இல் இழந்திருந்த அவ்வாசகர், அதற்கு விளக்கமாக வந்த நாவலையும் இரண்டாம் இதழோடு மூடிவைக்க நேர்ந்தது. எஞ்சிய பகுதி அச்சேறியது 1989இலேயாம்.